சக்கரம் இல்லாமல் சக்கரம் வாங்குவது எப்படி?

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பணத்துக்கே 'சக்கரம்' என்றுதான் பெயர். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாஞ்சில் நாட்டில், அந்தக் கால மனிதர்கள் 'கையில சக்கரம் இல்ல' என்றால் வண்டி ரிப்பேர் என்று அர்த்தமில்லை. பர்ஸ் ரிப்பேர் என்று அர்த்தம்.

இந்தச் சரித்திரம் எனக்கு ஏன் ஞாபகம் வருகிறதென்றால், என் மச்சினனுக்கு இரண்டு அர்த்தத்திலும் சக்கரம் தேவைப்பட்டது. முதல் அர்த்தத்துக்காக அக்காவிடம் வந்தான். இரண்டாவது அர்த்தத்துக்காக அக்கா என்னைக் கூட அனுப்பினாள்.

மச்சினன் தி.நகர்வாசி. உஸ்மான் ரோட்டில் சைக்கிள் போகவே இடமில்லாத ஏரியாவில் இருந்துகொண்டு, 2004 மாடல் ஜிப்ஸி ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கி வைத்திருக்கிறான். ஜிப்ஸி தெரியுமல்லவா? 1985-லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் மாருதி போட்ட குட்டி ஜீப். ராணுவமும் போலீஸும் ஓட்டித் தேய்த்த வண்டி. உள்ளே உட்கார்ந்தால் மிக்ஸிக்குள் போட்ட தேங்காய்ச் சில் மாதிரி இருக்கும். ஆனால் ஃபோர் வீல் டிரைவ். சேறு, மணல், மலை எதுவானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடும். பல்லைக் கடிப்பது வண்டி மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும்தான்.

வெறும் ஷோக்குக்கு என்றால் நானே 'போடா' என்றிருப்பேன். விஷயம் வேறு. என் மனைவியின் பாட்டி, எண்பத்திரண்டு வயது, மயிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மயிலாப்பூருக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால், 'அந்த டப்பாவுக்குள்ள யார் இருப்பாங்க?' என்று எங்கள் ஃப்ளாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார். சர்க்கரைக்குத் தினம் இன்சுலின். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் களிமண் பாதை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் வராது. மகா தைரியசாலியான பால்காரர்கூட செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வருவார். அந்த இரண்டு கிலோமீட்டருக்காகத்தான் ஜிப்ஸி.

அந்த ஜிப்ஸியின் டயர்களோ, ஆபீஸில் எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்ட் தலை மாதிரி இருந்தன. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் சுத்தம். 2024 செப்டம்பரில் வண்டிக்கு மறுபதிவு வேறு வருகிறது. (பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. பார்த்துத் தலையாட்ட வேண்டும்.) கார் டயரில் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று மூன்று எழுத்துப் போட்டிருக்கும். அதற்கு நேரே காடிக்குள் பார்த்தால் ஒரு சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயருக்கு ஆயுசு முடிந்தது. மச்சினன் டயரில் மேடு இருந்தது. டயரைத்தான் காணோம்!

கஜானா நிலவரம்: போனஸ், சேமிப்பு, அக்காவின் கைமாற்று எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.

"தாராளமா போதும் மாமா. நாலு வீல்தானே? ஆடித் தள்ளுபடி வேற!"

"அஞ்சுடா."

"அஞ்சாவது எதுக்கு?"

"ஸ்டெப்னி."

இங்கேதான் பல பேர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். சாதாரணக் காரில் ஸ்டெப்னி கொஞ்சம் இளைத்திருந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். ஜிப்ஸி மாதிரி வண்டியில் லீவரைத் தள்ளி ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஒரு டயர் மட்டும் சைஸ் வித்தியாசம் என்றால், கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் மட்டும் தனி சமையல் செய்வது மாதிரி. முதலில் உறுமல், அப்புறம் உரசல், கடைசியில் கியர் பெட்டிக்குள் பாகப்பிரிவினை. ஆகவே ஐந்தும் ஒரே அளவு, ஒரே ரகம். நாற்பத்தைந்தாயிரத்தை ஐந்தால் வகுத்தால், ஒரு காலுக்கு ஒன்பதாயிரம். அந்த ஒன்பதாயிரத்துக்குள் ரிம், டயர், மாட்டுகிற கூலி, எல்லாம் அடக்கம்.

ஒரு சனிக்கிழமை காலை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனோம். மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில், காருக்கு நகை நட்டு விற்கிற தெரு அது. தி.நகரில் பெண்களுக்கு என்னவெல்லாம் கிடைக்குமோ, அதெல்லாம் இங்கே கார்களுக்குக் கிடைக்கும். மச்சினன் ஒரு கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். சுவரில் அலாய் வீல்கள். கறுப்பு, வெள்ளி, கறுப்பில் சிவப்புக் கரை. காஞ்சிபுரம் பட்டுக்கு முன்னால் அவன் அக்கா நிற்பதும் இதே போஸ்தான். பரம்பரை!

"ஒண்ணு எட்டாயிரத்தி ஐநூறு சார். உங்களுக்காக" என்றார் கடைக்காரர்.

ஐந்துக்கு நாற்பத்தி இரண்டாயிரத்து ஐநூறு. மீதி இரண்டாயிரத்து ஐநூறில் டயருக்குப் பதில் வைக்கோல் பிரிதான் சுற்ற முடியும்.

"பொருந்துமா?" என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! அஞ்சு ஓட்டை, அஞ்சு போல்ட்."

ஐந்து ஓட்டை இருந்தால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பது, ஐந்து விரல் இருந்தால் எல்லோரும் வீணை வாசிக்கலாம் என்பது மாதிரி. ஓட்டைகளின் நடு வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் என்ன என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். பி.சி.டி. என்பார்கள். ஜிப்ஸிக்கு 139.7 மில்லிமீட்டர். இதை அளக்க எஞ்சினீயரிங் படிக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் ஸ்கேல் வைத்து அளந்து, 1.7-ஆல் பெருக்குங்கள். ஐந்து போல்ட் வண்டி எல்லாவற்றுக்கும் இந்த வாய்ப்பாடு செல்லும். ஜிப்ஸியில் 82 மில்லிமீட்டர் வரும். பெருக்கினால் ஏறக்குறைய 139.7.

நான் சட்டைப் பையிலிருந்து பையனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்தேன். கடைக்காரர் என்னை இன்கம்டாக்ஸ் ஆபீஸர் மாதிரி பார்த்தார். சிவப்புக் கரை அலாயில் வந்தது 75 மில்லிமீட்டர். அதாவது 127 பி.சி.டி. அது அமெரிக்க ஜீப் அளவு.

"அதனால என்ன சார், ஓட்டையை லேசா ராவிடலாம். இல்லாட்டி நடுவுல ஒரு ஸ்பேசர் வெச்சா அம்சமா உக்காந்துக்கும்."

வெளியே வந்துவிட்டோம். ஓட்டையை ராவினால் நட்டு உட்காரும் இடம் கோணலாகி, ஓட ஓடக் கழன்றுகொள்ளும். ஸ்பேசர் வைத்தால் சக்கரம் உடம்பை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்க பயில்வான் மாதிரி கம்பீரம்தான். ஆனால் எடை முழுவதும் சக்கரத்துக்கு நேரே விழாமல் ஓரமாக விழுவதால், பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சதா வலி. கையை நீட்டிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். வாளி அதே வாளிதான். வலிதான் வேறு.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபதிவுக்குப் போகிற வண்டியின் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது நல்லதில்லை. யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

"அப்ப அலாயே வேண்டாமா மாமா?" மச்சினன் குரலில் காதல் தோல்வி.

"தார் ரோட்டுக்கு ஜோர். நமக்கு வேண்டாம்."

காரணம் சொல்கிறேன். அலாய் பொதுவாக எடை குறைச்சல், அழகு அதிகம். ஆனால் பாறையில் பலமாக மோதினால் விரிசல் விடும். விரிசல் விட்டால் கதை முடிந்தது. வெல்டு வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நம்மைவிட தெய்வ நம்பிக்கை அதிகம். ஸ்டீல் ரிம் அப்படியில்லை. அடி பட்டால் வளையும். வளைந்ததை ஊரோரப் பஞ்சர் கடைக்காரர் சுத்தியலால் நாலு போடு போட்டு, பாட்டி வீட்டிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் உருண்டு வரும்படி செய்துவிடுவார். வளைகிறது முறிவதில்லை. வீட்டில் நான் அனுபவத்தில் கண்ட உண்மை.

அதோடு ஸ்டீல் ஒன்றும் மட்டமான ஜாதி இல்லை. நம்ம பாடியில் வீல்ஸ் இந்தியா கம்பெனி 1960-களிலிருந்து ஸ்டீல் சக்கரம்தான் செய்துகொண்டிருக்கிறது. அவ்வளவு ஏன், திருவாரூர் ஆழித்தேர் ஸ்டீல் சக்கரத்தில்தான் ஓடுகிறது. சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்தது. தியாகராஜரே அலாய் கேட்கவில்லை!

(தேர் என்றதும் இன்னொன்று. எங்கள் கபாலி கோயில் தேர் மாட வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தடியில் ஒரு கட்டையைச் சொருகித்தான் தேரைத் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். அதுதான் முட்டுக்கட்டை. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து ஒரே கட்டை. 'உங்க மாமா எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை' என்று என் மனைவி அவனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.)

இருக்கிற ஐந்து ஸ்டீல் ரிம்மையும் கழற்றிப் பார்த்தோம். மூன்று தேறியது, லேசான பெண்டு, மேலாகத் துரு. ஒன்றில் போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல். இன்னொன்றில் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. அந்த இரண்டுக்கும் மோட்சம் கொடுத்துவிட்டு, புதுப்பேட்டைக்குப் போனோம்.

புதுப்பேட்டையைப் பற்றி மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கழற்றின வண்டிகளின் கண், காது, கை, கால் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும் இடம். ஒரு கடையில் ஜிப்ஸி ரிம் மலையாகக் குவிந்திருந்தது.

"மிலிட்டரி ரிம்மு சார். பீரங்கி மேல ஏறினாலும் ஒண்ணும் ஆவாது."

"ஏறிப் பார்த்தீங்களா?"

"நான் இன்னாத்துக்கு சார் ஏறப் போறேன்? மிலிட்டரிக்காரன் ஏறியிருப்பான்."

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பக்கத்திலுள்ள வீல் பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஆடினால் திருப்பிக் கொடுப்பேன். பழைய ரிம் வாங்குகிறவர்கள் இதை வேதவாக்காகக் கொள்ளுங்கள். தரையில் உருட்டிப் பார்ப்பதெல்லாம் கண்துடைப்பு. மெஷினில் மாட்டிச் சுழற்றி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். பென்சிலுக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோணல். ஆறு ரிம் சுற்றினோம். நாலு பரதநாட்டியம் ஆடியது. இரண்டு சமர்த்தாக நின்றது. ஒன்று 1,800 வீதம் 3,600 ரூபாய்.

2023-ல் வந்த ஜிம்னி வண்டிக்கும் இதே 139.7 பி.சி.டி., இதே 15 அங்குலம்தான். ஜிம்னி வாங்கினதும் கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய் மாட்டிக்கொள்கிற கனவான்கள் அடையாறு, போட் கிளப் பக்கம் உண்டு. கழற்றின ரிம் கிடைத்தால் யோகம்தான். ஆனால் ஓட்டை பொருந்தினால் மட்டும் போதாது. சக்கரம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கிறது என்ற ஆஃப்செட்டும் அளந்து ஒத்துப்போக வேண்டும். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருந்து, ரஜ்ஜு மட்டும் இல்லாவிட்டால் விடுவார்களா?

அடுத்து டயர். நிஜமான பணம் போக வேண்டிய இடம் இதுதான். வண்டிக்கும் பூமிக்கும் உள்ள சம்பந்தம் இந்த ரப்பர் ஒன்றுதான்.

மச்சினன் ஆசைப்பட்டது 235/75 சைஸில், டிராக்டர் மாதிரி பட்டன் வைத்த மட் டயர். எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. கம்பெனி சைஸ் 205/70, ரிம் 15 அங்குலம். டயரோடு மொத்த விட்டம் 668 மில்லிமீட்டர். இவன் கேட்ட சைஸுக்கு 733. கிட்டத்தட்ட பத்து சதவீதம் பெரிசு. விளைவு? ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும். போலீஸ்காரரிடம் 'மீட்டர் அறுபதுதான் சார் காட்டுச்சு' என்று சொல்லிப் பாருங்கள். அது மட்டுமா? எஞ்சினுக்குப் பளு கூடும், பிரேக் பிடிக்க அதிக தூரம் போகும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உடம்பில் உரசும். இத்தனைக்கும் வண்டி உயருவது 33 மில்லிமீட்டர். ஒரு தீப்பெட்டி அகலம்!

ரகத்திலும் மூன்று. ஹெச்.டி. தார் ரோட்டுக்கு. எம்.டி. சேற்றுக்கு. ஏ.டி. இரண்டுங்கெட்டான், அல்லது இரண்டுக்கும் ஏற்றவன், உங்கள் சுபாவப்படி வைத்துக்கொள்ளுங்கள். எம்.டி.யில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே பெரிய சந்து. சேற்றை வாரி வெளியே எறிவதற்கு அது அவசியம். ஆனால் அதே சந்து காரணமாகத் தார் ரோட்டில் பதிகிற ரப்பர் குறைவு. மழை நாளில் கத்திப்பாரா இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். சத்தமோ, மாவு மில்லுக்குள் குடித்தனம்.

"வருஷத்துல எத்தனை நாள் சேத்துல ஓட்டுவே?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினான். "பதினஞ்சு நாள்."

"பாக்கி முந்நூத்தி அம்பது நாள்?"

"பனகல் பார்க் சிக்னல்."

கணக்கு முடிந்தது. ஏ.டி. டயர், கம்பெனி சைஸ்.

ஒல்லி டயர் சேற்றில் போகுமா என்று சந்தேகப்படுவீர்கள். மாட்டு வண்டிச் சக்கரம் எவ்வளவு ஒல்லி, பார்த்திருக்கிறீர்களா? மேலே சேறு, கீழே கெட்டித் தரை என்கிற பாதையில் ஒல்லிச் சக்கரம் கத்தி மாதிரி இறங்கிக் கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். அகல டயருக்கு வேலை மணலில்தான். அடியே காணாத உளை என்றால் இரண்டுமே உதவாது. அதற்காகத்தான் உழவு டிராக்டருக்கு இரும்பில் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். பாட்டி ஊர்ப் பாதையில் ஒரு ஜாண் சேற்றுக்குக் கீழே பழைய கப்பி ரோடு இருக்கிறது. ஒல்லியே யதேஷ்டம்.

டயர் கடையில் இன்னொரு பாடம். விலையில் ஆயிரம் குறைத்து ஒரு செட் காட்டினார்கள். "புத்தம் புதுசு சார், பேப்பர்கூடப் பிரிக்கல." டயரின் பக்கவாட்டில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இதில் 1118. அதாவது 2018-ம் வருஷம் பதினோராவது வாரம். பேப்பர் பிரிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். உள்ளுக்குள்ளே இறுகிப் போயிருக்கும். ஆறு வருஷமாகக் கடையிலேயே இருந்த டயருக்கு ஓய்வூதியம் கொடுக்கலாம், ஓட்டக் கூடாது. வேறு கடையில் 2324 கிடைத்தது. ஜூன் மாதத்துச் சரக்கு. ஒன்று 6,900.

ரீபட்டன் டயர் போட்டால் பாதி விலை என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் யோசனை சொன்னார்கள். லாரிக்குச் சரி. பட்டையை உரிக்கிற மாதிரி கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில், காற்றைக் குறைத்து ஓட்டப் போகிற வண்டிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

காற்றைக் குறைப்பதா என்கிறீர்களா? பட்ஜெட்காரர்களுக்கு ஆண்டவன் கொடுத்த வரமே அதுதான். காற்று இலவசம், அதை வெளியே விடுவது அதைவிட இலவசம். ஆட்களோடு ஜிப்ஸி ஏறக்குறைய 1,200 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 26 பவுண்டு காற்று இருந்தால், ஒவ்வொரு டயரும் பூமியில் பதிகிற இடம் சுமார் 165 சதுர சென்டிமீட்டர். உங்கள் கையை விரித்துத் தரையில் வைத்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாலு உள்ளங்கையில் உட்கார்ந்துதான் குடும்பத்தோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பதில் போகிறோம்! அதே காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் 285 சதுர சென்டிமீட்டர். மணலில் புதைகிற வண்டி மிதக்க ஆரம்பிக்கும். பெரிய டயர், பெரிய ரிம் என்று ஐம்பதாயிரம் செலவழித்துக் கிடைக்கிற பலனில் பெரும்பகுதி, வால்வை ஒரு குச்சியால் அழுத்தினால் கிடைத்துவிடும். ஜாக்கிரதை, ட்யூப் போட்ட டயரென்றால் ரொம்ப இறக்கக் கூடாது. ரிம்முக்குள் டயர் வழுக்கி, வால்வைப் பிய்த்துக்கொண்டு போகும். தார் ரோட்டுக்கு ஏறினதும் மறுபடி அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே பிரஷர் கேஜும், பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸரும் ஆடம்பரம் இல்லை.

பில் இதோ. டயர் ஐந்து, 34,500. பழைய ரிம் இரண்டு, 3,600. மூன்று ரிம்முக்குப் பெண்டு எடுத்து, துரு சுரண்டி, பெயின்ட் அடிக்க 2,100. மாட்டிப் பேலன்ஸ், அலைன்மென்ட் பார்க்க 2,300. கேஜும் கம்ப்ரஸரும் 2,400. மொத்தம் 44,900. மீதி நூறு ரூபாயில் மாமனும் மச்சினனும் லஸ் முனையில் ஆளுக்கொரு ஃபில்டர் காபி சாப்பிட்டோம். மச்சினன் ரிம்முக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் அலாய் மாதிரி இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மறுபதிவும் சிக்கலில்லாமல் முடிந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் மழை. பாட்டியின் போன் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்'. என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டியிடம் எத்தனை நாள் இன்சுலின் மிச்சமிருக்கும் என்பதையே திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம்.

கிராமத்து முனையில் ஒரு ஓடை பாதைமேல் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் என்னைப் பார்த்தான். நான் இறங்கிக் குச்சி வைத்துப் பார்த்தேன். தொடை அளவு, இழுப்பு வேறு. எப்பேர்ப்பட்ட டயர் போட்டாலும் ஒரு டன் வண்டியை ஓடுகிற தண்ணீர் ஓலைப் பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு போகும். டயர் தரையைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. காத்திருந்தோம். மூன்று மணி நேரம். மச்சினன் முள்மேல் நின்றான். தண்ணீர் முழங்காலுக்கும் கீழே வடிந்து, அடியில் தரை கெட்டியாக இருக்கிறதென்று நடந்து பார்த்த பிறகுதான் இறங்கினோம். அதற்கப்புறம் களிமண். காற்றை 18-க்கு இறக்கி, ஃபோர் வீல் போட்டு, ஆக்ஸிலேட்டரை முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி மிதித்து, இரண்டு கிலோமீட்டரை நாற்பது நிமிஷத்தில் கடந்தோம். வழியில் ஒரு பெரிய சக்கரக்காரர் கதவு வரை புதைந்து, டிராக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவரிடமும் அழகான அலாய். பாதிதான் தெரிந்தது.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடைசி இன்சுலின் முதல் நாள் காலையோடு தீர்ந்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் சோர்ந்து இருந்தார். ஐஸ் டப்பாவில் கொண்டு போனதைப் போட்டு, கஞ்சி குடிக்க வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"வாங்க மாப்பிள்ளை. வண்டிக்கு என்னமோ புதுசா போட்டிருக்கானாமே?"

"டயர் பாட்டி. நாப்பத்தஞ்சாயிரம்."

பாட்டி எழுந்து போய்ச் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் சேறால்ல இருக்கு? இந்தக் காசுக்கு ஒரு உழவு மாடு வாங்கியிருக்கலாம். அது சாணியாவது போடும்" என்றார். அப்புறம் புடவை இரண்டு, மருந்து டப்பா, முருகன் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சக்கரம் வாங்கப் போகிற இளைஞர்களே, கடைசியாக ஒரு வார்த்தை. ரிம் ஊர் பார்ப்பதற்கு, டயர் நீங்கள் பிழைப்பதற்கு. பணம் கொஞ்சமாக இருந்தால் பார்க்கிறதில் மிச்சம் பிடியுங்கள், பிழைக்கிறதில் வேண்டாம். ஐந்துக்குக் கணக்குப் போடுங்கள். கடைக்குப் போகும்போது பர்ஸ் மறந்தாலும் பரவாயில்லை, ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். முடிந்தால் கணக்குத் தெரிந்த மாமா ஒருவரையும். கூலி அதிகமில்லை. ஒரு காபிதான்.